ஜவ்வை விடுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்!

உலகத்தில் இடுப்பு வலிக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி 61.9 கோடி. இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பித்தால் எந்த நாட்டிலும் ஆட்சியைப் பிடித்துவிடலாம். என்ன, பிரசார மேடையில் ரொம்ப நேரம் நிற்க முடியாது!

61.9 கோடி வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தில் யாராவது கடை போடாமல் இருப்பார்களா? தைலக் கடை வந்தது. பெல்ட் கடை வந்தது. காந்தப் படுக்கை, மரமணி நாற்காலி விரிப்பு எல்லாம் வந்தன. இப்போது கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்களுக்காக ஏ.சி. போட்ட கடை ஒன்று வந்திருக்கிறது. அதன் பெயர் மயோஃபேசியல் ரிலீஸ். ஆஸ்டியோபதி என்ற அமெரிக்க வைத்தியத்தின் கைவேலைகளில் ஒன்று. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பிசியோதெரபி கிளினிக் போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் தொலைத்தவர்கள்தான் இதன் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

உள்ளே போனால் கேட்கும் வசனம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

‘‘சார், உங்களுக்கு எலும்புல பிரச்னை இல்ல. தசையிலயும் இல்ல. தசையைச் சுத்தி ஃபேசியான்னு ஒரு ஜவ்வு இருக்கு. அது இறுகிப் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. அதை ரிலீஸ் பண்ணாத்தான் வலி போகும். பத்து சிட்டிங் ஆகும். பேக்கேஜா எடுத்துக்கிட்டா குறையும்.’’

குறைவது வலியா, ரேட்டா என்று கேட்காதீர்கள்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்குவமான ஒரு கை பட்டால் வலி குறைகிறது. இது உண்மை. ஜவ்வு விடுபட்டதால்தான் குறைந்தது என்கிறார்களே, அதற்கு ஆதாரம் இல்லை. முதலாவதற்குக் காசு வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். இரண்டாவதைச் சொல்லிக் காசு வாங்காதீர்கள். என் சண்டை கையோடு கிடையாது, வாயோடுதான்.

* * *

இந்த வைத்தியம் பிறந்த கதையை முதலில் பார்த்துவிடுவோம். ஏனென்றால் இதை ஆரம்பித்தவர் மோசடிப் பேர்வழி இல்லை.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் போய் வைத்தியம் பார்த்த டாக்டர். 1864-ல் மூளைக் காய்ச்சல் வந்து அவருடைய மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். அவர் கற்ற மருத்துவம் அவர் பிள்ளைகளையே காப்பாற்றவில்லை. அன்றைய மருத்துவம் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பாதரச உப்பைக் கொடுப்பார்கள். ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவார்கள். வலிக்கு அபின், மயக்கத்துக்குச் சாராயம். டாக்டரிடம் போகாமல் இருப்பதே பாதி வைத்தியம் என்ற காலம் அது.

வெறுத்துப்போன ஸ்டில், மருந்துகளைத் தூக்கி எறிந்தார். உடம்பின் அமைப்பைக் கையால் சரி செய்தால் உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் ஒரு கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார். பாதரசம் கொடுப்பவரிடம் போனவர்களைவிட, முதுகைத் தடவிக் கொடுப்பவரிடம் போனவர்கள் அந்தக் காலத்தில் பிழைத்திருக்க அதிக வாய்ப்பு உண்டு. அந்தப் புண்ணியம் ஸ்டிலுக்கு உண்டு. மறுக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? நவீன மருத்துவம் திருந்தியது. பாதரசத்தை விட்டது. கிருமியைக் கண்டுபிடித்தது. ஸ்டிலின் வாரிசுகளும் அதையே படிக்க ஆரம்பித்தார்கள். இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் வாங்கியவர் முழு டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், எந்த மருந்தும் எழுதலாம். 1962-ல் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 65 டாலர் கட்டினால் போதும், ஆஸ்டியோபதி பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். சுமார் 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள்! 2001-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பதில் சொன்ன ஆஸ்டியோபதி டாக்டர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், தங்கள் நோயாளிகளில் 5 சதவிகிதம் பேருக்குக்கூடக் கைவைத்தியம் செய்வதில்லை என்று தெரிந்தது.

தாய்வீட்டில் மவுசு குறைந்த சரக்குதான் மற்ற இடங்களில் தனிக்கடையாக நடக்கிறது. பிரிட்டனில் 1993-ல் சட்டம் போட்டு இவர்களைப் பதிவு செய்தார்கள். பிரான்சில் 2002-ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அங்கே இவர்கள் மருந்து எழுதும் டாக்டர்கள் அல்ல, கையால் வைத்தியம் செய்பவர்கள். நம் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பது முழு ஆஸ்டியோபதிகூட இல்லை. அதிலிருந்து பிய்த்து எடுத்த சில கைமுறைகளும் சில வசனங்களும்தான்.

* * *

அந்தக் கைமுறைகள் என்ன?

ஒன்று, சாஃப்ட் டிஷ்யூ முறை. தசையைப் பிசைவது, குறுக்காக நீட்டுவது, நெடுக்காக இழுப்பது, ஒரு இடத்தில் ஆழமாக அழுத்திப் பிடிப்பது. நம் பாட்டிக்குத் தெரிந்த வித்தைதான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றுதான் மயோஃபேசியல் ரிலீஸ். 1970, 80-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதிக் கல்லூரி வட்டாரத்தில் இந்தப் பெயரோடு பிரபலமானது. இதில் தேய்ப்பதில்லை. கையை வைத்து, தோலோடு சேர்த்து மெதுவாக ஒரு பக்கம் இழுத்துப் பிடிப்பார்கள். இறுக்கம் இருக்கிற திசையிலேயே தள்ளிப் பிடித்தால் நேர்முறை. இறுக்கமில்லாத திசைக்கு விட்டுக்கொடுத்துப் பிடித்தால் மறைமுறை. சில நிமிடம் அப்படியே காத்திருந்தால், கைக்குக் கீழே ஏதோ இளகுவது போலத் தெரியும். அதுதான் ரிலீஸ்.

எது இளகுகிறது? ஜவ்வு இளகுகிறது என்கிறார்கள்.

அந்த ஜவ்வை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கினால் தசையின் மேல் வெள்ளையாக, பளபளவென்று ஒட்டியிருக்குமே, அதேதான். கறிக்கடைக்காரர் கூர்மையான கத்தியைக் கொண்டுதான் அதை உரிக்கிறார். கட்டை விரலால் தடவி அவர் அதை இளக்கிப் பார்த்ததுண்டா?

இது கறிக்கடை வாதம், விஞ்ஞானம் ஆகாது என்பீர்கள். சரி, விஞ்ஞானத்துக்கே போவோம். 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. மனிதத் திசுவின் விறைப்பு பற்றிய அளவுகளை வைத்துக்கொண்டு, கையால் எவ்வளவு விசை கொடுத்தால் இந்த ஜவ்வு உருமாறும் என்று கணக்குப் போட்டார்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கெட்டியான ஜவ்வை வெறும் 1 சதவிகிதம் அழுத்தவும், 1 சதவிகிதம் பக்கவாட்டில் நகர்த்தவும் எவ்வளவு விசை வேண்டும் தெரியுமா? செங்குத்தாக 925 கிலோ. பக்கவாட்டில் 460 கிலோ.

ஒரு மாருதி 800 காரின் எடையே சுமார் 650 கிலோதான். காரைத் தூக்கி உங்கள் தொடையில் வைத்தால்கூட அந்த 1 சதவிகிதம் வராது.

இந்த ஆய்வை வெளியிட்டது யார் என்பதுதான் முக்கியம். ஆஸ்டியோபதிக்கு எதிரான ஆட்கள் இல்லை. அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின் சொந்தப் பத்திரிகை! பாதத்தின் அடியில் இருக்கும் ஜவ்வுக்கும் இதே கதைதான் என்றது அந்த ஆய்வு. மூக்கின் மேல் இருக்கும் மெல்லிய ஜவ்வு மட்டும் கை விசைக்கு வளைந்துகொடுக்குமாம். மூக்கு வலிக்கு யாரும் இந்த கிளினிக்குகளுக்குப் போவதாகத் தெரியவில்லை.

* * *

‘‘அப்ப எங்க கைக்கு இளகுறது தெரியுதே, அது பொய்யா?’’ என்று தெரபிஸ்டுகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பொய் இல்லை. இளகுவது உண்மை. ஆனால் இளகுவது ஜவ்வு அல்ல, தசையின் விறைப்பு. அதை இளக்குவது உங்கள் கட்டை விரல் அல்ல, நோயாளியின் நரம்பு மண்டலம். தோலிலும் தசையிலும் அந்த ஜவ்விலுமே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் ஏராளமாக இருக்கின்றன. நிதானமான, நம்பிக்கையான ஒரு தொடுதல் வந்தால் அவை மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. ‘ஆபத்து இல்லை, விறைப்பைக் குறை’ என்று மூளை உத்தரவு போடுகிறது. தசை தளர்கிறது. வலி குறைகிறது.

இதையும் வெளியாள் சொல்லவில்லை. ஃபேசியா ஆராய்ச்சியில் பெரிய பெயர் ராபர்ட் ஷ்லெய்ப். ஜெர்மனிக்காரர். ஜவ்வை அழுத்தி உடம்பின் அமைப்பையே மாற்றுகிறோம் என்று சொல்லும் ரால்ஃபிங் முறையைக் கற்றுக்கொடுத்தவர். அவரே 2003-ல், இளகுவதற்கு ஜவ்வின் மாற்றம் போதுமான விளக்கம் இல்லை, நரம்பு மண்டலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போர்டு எழுதும் பெயின்டருக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

* * *

நான் பி.காம். படித்தவன். எனக்கு உடம்பைவிடக் கணக்குப் பேரேடுதான் நன்றாகப் புரியும். அந்த மொழியிலேயே சொல்கிறேன்.

கணக்குப் பதிவியலில் செலவு இரண்டு வகை. கடைக்கு மெஷின் வாங்கினால் அது முதலினச் செலவு. பல வருஷம் பலன் தரும். கடைக்கு வெள்ளையடித்தால் அது வருவாயினச் செலவு. பலன் கொஞ்ச காலம்தான், மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளையடித்த செலவை மெஷின் கணக்கில் எழுதினால் அதற்குப் பெயர் விதிப்பிழை. இந்தப் பிழையில் ஒரு விசேஷம் உண்டு. இருப்பாய்வு போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் டாண் என்று சரியாக வரும். கணக்குப்பிள்ளை சந்தோஷமாகப் பேனாவை மூடிவிடுவார். ஆனால் கணக்கு தப்பு. கடையில் இல்லாத சொத்து ஏட்டில் இருக்கும்.

மயோஃபேசியல் ரிலீஸ் விற்பனை இந்த விதிப்பிழைதான். ஒரு சிட்டிங்கில் கிடைப்பது தற்காலிகமான ஆறுதல். சில மணி நேரம், சில நாள். அது வருவாயினச் செலவு. ‘‘உங்க ஜவ்வோட அமைப்பையே மாத்திட்டோம்’’ என்று அதை முதலினச் செலவாக எழுதிக் காட்டுகிறார்கள். நோயாளிக்கு வலி குறைந்திருக்கிறது, தெரபிஸ்டுக்குப் பணம் வந்திருக்கிறது, இருப்பாய்வு சரியாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வலி திரும்பும்போதுதான் ஏட்டில் இருந்த சொத்து இடுப்பில் இல்லை என்று தெரிகிறது.

அப்போது என்ன சொல்கிறார்கள்? ‘‘மறுபடி இறுகிடுச்சு சார். இன்னொரு பேக்கேஜ் போட்டுடலாம்.’’ பாருங்கள், ஜவ்வு மாதிரி இழுக்கிறது என்று நாம் சும்மாவா சொல்கிறோம்?

* * *

‘வலி குறையுதா, இல்லையா? அதைச் சொல்லு. விளக்கம் எப்படி இருந்தா என்ன?’ என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பதில்கள்.

முதல் பதில்: எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1999-ல் அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரர்கள் 155 பேரை வைத்து ஒரு ஆய்வு. ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம், இன்னொரு பிரிவுக்கு ஆஸ்டியோபதி கைவைத்தியம். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. ஆஸ்டியோபதிக்காரர்கள் குறைவான மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். இது அவர்களுக்குப் பெருமை. ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021-ல் பிரான்சில் இன்னொரு ஆய்வு. இடுப்பு வலிக்காரர்கள் 400 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி. மீதிப் பேருக்குப் பாவனை வைத்தியம். அதாவது அதே இடங்களில் கையை லேசாக வைத்துவிட்டு எடுப்பது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீதம் 6 சிட்டிங். மூன்று மாதம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று 100-க்கு மதிப்பெண் போட்டார்கள். நிஜத்துக்கும் பாவனைக்கும் இருந்த வித்தியாசம் 3.4. நூற்றுக்கு மூன்றே முக்காலே வீசம்கூட இல்லை! நோயாளியின் வாழ்க்கையில் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டா என்பதே சந்தேகம் என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள்.

இரண்டாவது பதில்: தப்பான விளக்கம் மூன்று விதத்தில் நோயாளியைக் கெடுக்கிறது.

ஒன்று, பயம். ‘உன் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இறுகிப் போயிருக்கிறது’ என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாளிலிருந்து குனியப் பயப்படுவார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் பயப்படுவார். பெரும்பாலான இடுப்பு வலிக்கு வேண்டியதோ நடையும் அசைவும். பயந்தவர் அசையமாட்டார். அசையாதவருக்கு வலி போகாது.

இரண்டு, அடிமைத்தனம். ஜவ்வுதான் பிரச்னை, அதை விடுவிக்கும் கை தெரபிஸ்டிடம்தான் இருக்கிறது என்றால், நோயாளி தனக்குத் தானே செய்துகொள்ள என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. மாதா மாதம் சந்தா கட்ட வேண்டியதுதான். வந்த இடுப்பு வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையக்கூடியது. அந்தப் பெயரையும் பத்து சிட்டிங் பேக்கேஜ் தட்டிக்கொண்டு போய்விடும்.

மூன்று, தாமதம். இதுதான் ஆபத்தானது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், தொடை இடுக்கில் மரத்துப் போனால், கால் வலுவிழந்துகொண்டே போனால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஜவ்வுதான் காரணம் என்று நம்பும் கைகளில் இந்த அறிகுறிகள் சிக்கினால் என்ன ஆகும்? ‘‘அஞ்சாவது சிட்டிங்ல சரியாகிடும்’’ என்ற பதில்தான் வரும்.

* * *

டாக்டர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். இந்தக் கடைக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததே நீங்கள்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர், முதுகு வலிக்கு ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்தார். உள்ளே இருந்தது மூன்று நிமிடம். ‘‘என் முதுகைத் தொட்டுக்கூடப் பாக்கலப்பா. ஸ்கேனைத்தான் பாத்தாரு’’ என்றார். ஒரு சீட்டு நிறைய வலி மாத்திரை. அடுத்த மாதம் அவர் ஒரு ஃபேசியா கிளினிக்கில் சேர்ந்துவிட்டார். அங்கே ஒரு பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்டு, முதுகில் கை வைத்தார். அந்த அம்மா எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவும் வேண்டுமா?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெறும் பாராசிட்டமாலை மட்டும் கொடுக்காதே என்றது. எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் ஸ்கேன் எழுதாதே என்றது. இரண்டும் டாக்டர்களுக்கு வைத்த குட்டு. பிசைந்து விடுவது மாதிரியான கைவைத்தியத்தையும் அது ஒதுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே அதைச் செய்யலாம், தனியாகக் கூடாது. உலகம் இந்த விஷயத்தில் வந்து சேர்ந்திருக்கும் நியாயமான இடம் இதுதான். கை உண்டு, ஆனால் காலும் நடக்க வேண்டும்.

* * *

நம் ஊர் சலூனில் முடி வெட்டி முடித்ததும், அண்ணன் மண்டையில் நாலு தட்டுத் தட்டி, தோள்பட்டையைப் பிடித்துவிடுவார். (கழுத்தைச் சொடுக்க மட்டும் விடாதீர்கள். அபூர்வமாக ரத்தக் குழாய் கிழியும்.) அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும். எழுந்து வரும்போது தோள் லேசாகிவிட்டிருக்கும். அதற்காக அவர் ‘‘உங்க ஃபேசியாவை விடுவிச்சிட்டேன், பேக்கேஜ் போட்டுக்கோங்க’’ என்கிறாரா? நமக்குச் சுகமாக இருந்தது, அவருக்குப் பத்தோ இருபதோ கூடக் கிடைத்தது. கணக்கு நேர்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதே வேலையைப் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரசவித்த பெண்ணுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட கைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. அந்தக் கைகளுக்கு நாம் கொடுத்த கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. அதே வேலை ஒரு இங்கிலீஷ் பெயரையும் பொய்யான ஒரு விளக்கத்தையும் மாட்டிக்கொண்டு வந்தால் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோம். தொட்டு ஆறுதல் தருவது ஒரு உழைப்பு. அதற்கு உழைப்புக்கான கூலி கேட்டால் போதும். பொய் விஞ்ஞானம் எதற்கு?

பிசியோதெரபி படித்த இளைஞர்களுக்கு இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். நாலரை வருஷம் உடற்கூறு படித்தவர்கள் நீங்கள். வார இறுதி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒப்பிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘‘அம்மா, உங்க முதுகுல எதுவும் உடையல, ஒட்டலை. தசை விறைப்பா இருக்கு. நான் கை வைச்சா கொஞ்ச நாளைக்கு வலி குறையும். அந்த நாள்ல நான் சொல்ற பயிற்சியையும் நடையையும் ஆரம்பிச்சிடுங்க. மூணு, நாலு தடவை வாங்க. அப்புறம் நான் தேவைப்படக் கூடாது.’’

இதில் ஒரு பொய்கூட இல்லை. காசும் உண்டு.

வாடிக்கையாளர்களுக்கும் வேலை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தப்பான விளம்பரத்தைத் தண்டிக்க 2019-ம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால், ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?

2. என் வலிக்கு ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

3. இந்தக் கைவைத்தியத்தின் பலன் எத்தனை நாளைக்கு இருக்கும்?

4. நான் வீட்டில் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? அதை எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள்?

5. மூன்று தடவை வந்தும் குறையவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் தைரியமாக முதுகைக் காட்டிப் படுங்கள். நல்ல கை கிடைத்திருக்கிறது. ‘‘அதெல்லாம் ஜவ்வு ரிலீஸ் ஆனா சரியாகிடும் சார்’’ என்று மழுப்பினால், செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பார்க்கில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதற்கு டிக்கெட்கூடக் கிடையாது.